சிங்கப்பூரில் பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளி? லோக்கல், இந்தியப் பள்ளி, ஐபி: ஓர் ஒப்பீடு

என் கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை உறுதியானது ஒரு நவம்பர் மாதம். வீடு, விசா, எந்தச் சாமானை எடுத்துப்போவது, எதை அம்மா வீட்டில் விடுவது எல்லாம் இரண்டு வாரத்தில் பேசி முடித்துவிட்டோம். பள்ளி விஷயம் மட்டும் ஐந்து மாதம் இழுத்தது. மகள் அப்போது நான்காம் வகுப்பு, மகன் யூகேஜி. இரண்டு பேருக்கும் ஒரே பள்ளி, ஒரே வேன், ஒரே விடுமுறை என்றுதான் நினைத்திருந்தோம். கடைசியில் மகள் சிபிஎஸ்இ பள்ளிக்கும் மகன் லோக்கல், அதாவது இங்குள்ள கல்வியமைச்சின் பள்ளிக்கும் போகிறார்கள். ஏன் அப்படி என்று ஊரிலிருந்து கிளம்புகிற ஒவ்வொரு குடும்பமும் கேட்கிறது. போனில் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எது நல்ல பள்ளி என்று தேடத் தொடங்கினால் முடிவே கிடைக்காது. சிங்கப்பூரில் மோசமான பள்ளியைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். நாங்கள் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி வேறு: இந்தப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எந்த ஊரில் எழுதப் போகிறது? சென்னையிலா, சிங்கப்பூரிலா, இன்னும் தெரியாத மூன்றாவது நாட்டிலா? "தெரியாது" என்றாலும் அதுவும் ஒரு பதில்தான். அதற்கேற்ற பள்ளியும் இருக்கிறது, கட்டணம்தான் அதிகம். பள்ளிக்குள் நுழையும் வாசலை எல்லோரும் விசாரிக்கிறோம். அங்கிருந்து கிளம்பும்போது பிள்ளை எந்த ஊரில், எந்த வகுப்பில் போய் உட்கார முடியும் என்பதை யாரும் விசாரிப்பதில்லை. நான் ஒவ்வொரு பள்ளியையும் அந்த இரண்டாவது வாசலை வைத்துத்தான் ஒப்பிடப் போகிறேன்.

அதற்கு முன் பணம். குடும்பத்தைச் சார்ந்திருப்போர் அட்டையில் (டிபெண்டன்ட் பாஸ்) அழைத்துவர, வேலை பார்ப்பவருக்கு நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருக்க வேண்டும். ஆண்டுக்கு 72,000. டாங்ளின் டிரஸ்ட், யுனைடெட் வேர்ல்ட் காலேஜ், சிங்கப்பூர் அமெரிக்கன் ஸ்கூல் மாதிரியான பள்ளிகளில் மேல் வகுப்புக் கட்டணம் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 40,000 வெள்ளியைத் தாண்டும். இரண்டு பிள்ளைகள் என்றால் அந்த 72,000 முழுவதும் பள்ளிக்கே பற்றாது. வீட்டு வாடகை இன்னும் கணக்கிலேயே வரவில்லை. இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் தோராயமாக 15,000 முதல் 25,000 வெள்ளி வரை, வகுப்பு ஏற ஏறக் கூடும். லோக்கல் பள்ளியில், எங்களைப் போல ஆசியான் நாடுகளுக்கு வெளியிலிருந்து வந்தவர்களுக்குத் தொடக்கநிலையில் மாதம் ஆயிரம் வெள்ளியை ஒட்டி வரும். உயர்நிலையில் அது இரண்டாயிரத்தைத் தாண்டிவிடும். இதைக் கவனியுங்கள். லோக்கல் என்றால் மலிவு என்று எல்லோரும் சொல்வார்கள். சின்னப் பிள்ளைக்கு அது சரி. உயர்நிலைக்குப் போகும் பிள்ளைக்கு லோக்கல் பள்ளியும் சிபிஎஸ்இ பள்ளியும் கிட்டத்தட்ட ஒரே செலவுதான்.

நிறுவனம் கட்டணம் கட்டுகிறதா என்பதை வேலைக் கடிதத்தில் எழுத்தில் வாங்குங்கள். "பார்த்துக்கொள்ளலாம்" என்று வாயால் சொன்னது போதாது. நிறுவனம் கட்டினாலும் அந்தத் தொகை உங்கள் வருமானமாகக் கணக்கிடப்பட்டு வரிக்கு வரும். தனியார் பள்ளி சொல்லும் கட்டணத்தில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். 2024 முதல் அது 9 விழுக்காடு. 20,000 வெள்ளிக்கு 1,800 வெள்ளி கூடும், சின்னத் தொகை இல்லை.

லோக்கல் பள்ளி

இங்கே கல்வியமைச்சின் பள்ளிகளைத்தான் லோக்கல் என்கிறார்கள். ஆண்டு ஜனவரியில் தொடங்கி நவம்பரில் முடியும். தொடக்கநிலை ஆறு ஆண்டு, அதன் முடிவில் பிஎஸ்எல்இ தேர்வு. பிறகு உயர்நிலை. படிப்பின் தரத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இடம் கிடைப்பதில்தான் சிக்கல் இருக்கிறது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கொடுத்தது போக மிச்சமிருந்தால்தான் நமக்கு.

தொடக்கநிலை ஒன்றில் சேர்க்க, அந்த ஆண்டில் பிள்ளைக்கு ஏழு வயது நிறைய வேண்டும். இன்னும் சரியாகச் சொன்னால் பிறந்த தேதி ஓர் ஆண்டின் ஜனவரி 2-க்கும் அடுத்த ஆண்டின் ஜனவரி 1-க்கும் இடையில் வர வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பதிவின் கடைசிக் கட்டமான மூன்றாம் கட்டம்தான். அதற்கும் முன்னதாக, மே கடைசி, ஜூன் தொடக்க வாக்கில் "எங்களுக்கு விருப்பம் இருக்கிறது" என்று ஒரு படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். திறந்திருப்பது சில நாட்கள்தான். அந்தப் படிவத்தைத் தவறவிட்டால் அந்த ஆண்டு அவ்வளவுதான். நாங்கள் ஏப்ரலில் வந்ததால் தப்பித்தோம். ஜூலையில் வந்திருந்தால் மகனுக்கு இந்த வழியே அடைத்திருக்கும். படிவம் போட்ட பிறகு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இடம் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். எங்களுக்குக் கிடைத்த பள்ளி வீட்டிலிருந்து பேருந்தில் இருபத்தைந்து நிமிடம். அடுத்த தெருவிலேயே ஒரு பள்ளி இருக்கிறது. அதன் வாசலைத் தாண்டித்தான் தினமும் போகிறோம். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் லோக்கல் பள்ளிதான் என்று தீர்மானித்திருக்கிறவர்கள் பள்ளி தெரியும் முன் இரண்டு ஆண்டு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் இருந்தால் நல்லது.

அமைச்சின் பாலர் பள்ளிகளில் குடிமக்கள், நிரந்தரவாசிகளின் பிள்ளைகளுக்குத்தான் இடம். ஆகவே ஏப்ரலிலிருந்து டிசம்பர்வரை மகனுக்குத் தனியார் பாலர் பள்ளி. அந்தச் செலவையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் சேருகிற பிள்ளைகளுக்கு ஏஇஐஎஸ் என்ற நுழைவுத் தேர்வு. ஆங்கிலமும் கணக்கும். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் எழுதித் தேறினால் அடுத்த ஜனவரியில் சேரலாம். தொடக்கநிலை இரண்டு முதல் ஐந்து, உயர்நிலை ஒன்று முதல் மூன்று, இந்த வகுப்புகளுக்கு மட்டும்தான். ஆறாம் ஆண்டில், அதாவது பிஎஸ்எல்இ ஆண்டில், சேர்க்க வழியில்லை. தேறினாலும் எந்தப் பள்ளி என்பதைக் காலியிடத்தைப் பார்த்து அமைச்சு முடிவு செய்யும். பிள்ளையின் வயதுக்குரிய வகுப்புக்கு ஒரு வகுப்பு கீழே இடம் கிடைப்பதும் சாதாரணம்.

மகளுக்கு இந்தத் தேர்வு எழுதுவதாகத்தான் முதலில் திட்டம். பயிற்சித் தாள்களை வாங்கிவந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். ஒரு கணக்கு இன்னும் நினைவிருக்கிறது. அலியிடம் பீட்டரைப் போல மூன்று மடங்கு கோலிகள் இருக்கின்றன. அலி பீட்டருக்கு 24 கோலியைக் கொடுத்ததும் இரண்டு பேரிடமும் சமமாகிவிட்டது. அலியிடம் முதலில் எத்தனை? என் கணவர் பேனாவை எடுத்து எக்ஸ் போட்டு இரண்டு வரியில் 72 என்று முடித்துவிட்டார். மகளுக்கு எக்ஸ் என்றால் என்னவென்றே தெரியாது. தாளின் பின்பக்கத்தில் இருந்த விடையில் எக்ஸ் கிடையாது, வெறும் கட்டங்கள். அலிக்கு மூன்று கட்டம், பீட்டருக்கு ஒரு கட்டம். அலி ஒரு கட்டத்தைத் தூக்கிக் கொடுத்தால் ஆளுக்கு இரண்டு. ஆக ஒரு கட்டம்தான் 24. மகள் அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, இது ரொம்ப ஈஸிப்பா" என்றாள். இங்கே தொடக்கநிலைக் கணக்கு முழுக்க இப்படிப் பட்டை வரைந்து யோசிக்கும் முறையில்தான் போகும். ஊரில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளைகூட இந்தத் தேர்வில் திணறுவது இதனால்தான். பிள்ளையிடம் குறையில்லை, யோசிக்கும் வழி வேறு. அதைப் பழக மூன்று வாரம் பற்றாது, ஆறு மாதமாவது வேண்டும்.

மூன்று வாரம் கழித்து நாங்கள் அந்தத் திட்டத்தைக் கைவிட்டோம். காரணம் கணக்கு இல்லை. அடுத்த ஜனவரியில் தொடக்கநிலை ஐந்தில் இடம் கிடைத்தால் அதற்கு அடுத்த ஆண்டே பிஎஸ்எல்இ. அந்தத் தேர்வில் ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை அடைவுநிலை, நான்கு பாடம் சேர்த்து 4 என்றால் ஆகச் சிறந்தது, 32 கடைசி. பன்னிரண்டு வயதில் அதற்காக முழு ஊரும் பரபரக்கும், துணைப்பாட வகுப்புகள் நிரம்பி வழியும். புது ஊர், புது நண்பர்கள், புது முறை எல்லாவற்றையும் பழகுவதற்கு முன்பே பிள்ளையை அதற்குள் தள்ள எங்களுக்கு மனம் வரவில்லை. அதைவிட முக்கியம், அவள் பத்தாம் வகுப்புக்கு முன் நாங்கள் ஊர் திரும்ப நிறைய வாய்ப்பிருக்கிறது. பாதி உயர்நிலையில் லோக்கல் பள்ளியிலிருந்து கிளம்பி சென்னையில் ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்தால், படித்தது வீணாகாது, ஆனால் பாடத்திட்டம் எதுவும் ஒட்டாது.

மகனுக்கு இந்தக் கவலைகள் எதுவும் இல்லை. ஆறு வயதில் எந்தப் பள்ளியில் சேர்ந்தாலும் எந்த ஊரிலும் போய் ஒட்டிக்கொள்வான். நான்கு ஆண்டு கழித்துத் திரும்பினாலும் ஐந்தாம் வகுப்புதான். சின்னப் பிள்ளைக்கு லோக்கல் பள்ளியில் இடம் கிடைத்தால் யோசிக்காமல் சேர்த்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

பையன்கள் இருக்கும் வீட்டில் ஒன்றை மட்டும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். பின்னால் நிரந்தரவாசம் வாங்கும்போது மகனையும் சேர்த்து வாங்கினால், அவன் வளர்ந்ததும் தேசிய சேவை, அதாவது ராணுவம் போன்ற கட்டாயப் பணி, செய்யும் கடமை வரும். அதைச் செய்யாமல் நிரந்தரவாசத்தை விட்டுவிட்டுப் போனால், பிற்காலத்தில் அவன் படிக்கவோ வேலைக்கோ இங்கே வர விண்ணப்பித்தால் அது பாதகமாகப் பார்க்கப்படும். பிள்ளை லோக்கல் பள்ளியில் படித்தால் நிரந்தரவாசம் சீக்கிரம் கிடைக்கும் என்று பல பேர் சொல்வார்கள். அந்தப் பேச்சை நம்பிப் பள்ளியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

தமிழ்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். வருவதற்கு முன் நாங்கள் போட்ட பட்டியலில் இது இல்லவே இல்லை. இப்போது கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

தமிழ் இங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. லோக்கல் பள்ளியில் தாய்மொழி கட்டாயப் பாடம், பிஎஸ்எல்இயின் நான்கு பாடங்களில் ஒன்று. எல்லாப் பள்ளியிலும் தமிழாசிரியர் இருக்க மாட்டார். சில பிள்ளைகள் வேறு நிலையத்துக்குப் போய்ப் படிக்கிறார்கள். உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் இதற்கென்றே இருக்கிறது. ஆகப் பள்ளி கிடைத்ததும் முதல் கேள்வியாக, தமிழ் வகுப்பு உங்கள் பள்ளியிலேயே நடக்கிறதா என்று கேளுங்கள். வீட்டில் இந்தியோ வங்காளமோ பேசினால் அந்த மொழிகளுக்கும் ஏற்பாடு உண்டு. நடுவில் வந்து சேரும் பிள்ளைக்குத் தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்குக் கேட்கவும் வழி உண்டு. தமிழ்ப் பிள்ளைக்கு அந்த விலக்கை அவசரப்பட்டுக் கேட்காதீர்கள்.

மகளுக்குச் சென்னையில் இந்திதான் இரண்டாம் மொழி. தமிழ் வாரத்துக்கு இரண்டு வகுப்பு. எழுத்துக் கூட்டிப் படிப்பாள், அவ்வளவுதான். மகன் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாமல்தான் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்தான். அங்கே தமிழ் தொடங்குவது பேச்சிலிருந்து. ஒரு படத்தைக் காட்டி, இதில் என்ன நடக்கிறது, நீ இருந்தால் என்ன செய்வாய் என்று பேச வைக்கிறார்கள். தேர்விலும் வாய்மொழித் தேர்வுக்கு மதிப்பெண் உண்டு. ஒரு நாள் ஈரச்சந்தைப் படம் ஒன்றைக் கொண்டுவந்து, மீன் விற்பவர் என்ன சொல்கிறார், பாட்டி என்ன பேரம் பேசுகிறார் என்று அவனே இரண்டு குரலில் பேசிக் காட்டினான். சென்னையில் இருந்திருந்தால் இந்த வயதில் இப்படித் தமிழ் பேசியிருப்பானா என்று என் மாமியார் போனில் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

மகளின் கதை நேர்மாறு. அவள் பள்ளியில் சேர்க்கும்போது தமிழ் இரண்டாம் மொழியாக இருக்கிறது என்றார்கள். பணம் கட்டிச் சீருடை வாங்கிய பிறகு, அந்த வகுப்பில் போதிய பிள்ளைகள் சேரவில்லை, இந்தி அல்லது பிரெஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள் என்று மின்னஞ்சல் வந்தது. எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அதனால் சொல்கிறேன், தமிழ் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். இந்த ஆண்டு, இந்த வகுப்பில், எத்தனை பிள்ளைகள் தமிழ் படிக்கிறார்கள், ஆசிரியர் யார் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இப்போது சனிக்கிழமை காலைகளில் மகள் தம்பியின் தமிழ்ப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். அவன் ஆசிரியர், அவள் மாணவி. அவள் "ழ" சரியாகச் சொல்லாவிட்டால் விட மாட்டான். நூலகத்திலிருந்து தமிழ்க் கதைப் புத்தகம் எடுத்துவருவதும் அவன் வேலை. பொது நூலகங்களில் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புத்தகங்கள் நன்றாகவே கிடைக்கின்றன. எந்தப் பள்ளியில் சேர்த்தாலும் அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இந்தியப் பாடத்திட்டப் பள்ளி

ஜிஐஐஎஸ், யுவபாரதி, டிபிஎஸ், என்பிஎஸ் என்று ஊர்க்காரர்கள் வாயில் வரும் பெயர்கள் இவைதான். எல்லாம் ஒரே மாதிரி இல்லை. யுவபாரதியில் சிபிஎஸ்இ உண்டு. ஜிஐஐஎஸ்ஸில் சிபிஎஸ்இயோடு கேம்பிரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் திட்டமும், ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலாரியட்) என்ற பன்னாட்டுத் திட்டமும் உண்டு. என்பிஎஸ் மேல் வகுப்புகளில் ஐஜிசிஎஸ்இ (பத்தாம் வகுப்பு நிலைக்கான பிரிட்டிஷ் தேர்வு), ஐபி வழியில் போகிறது. ஆகப் பள்ளியின் பெயரைப் பார்த்து இந்தியப் பாடத்திட்டம் என்று முடிவு செய்துவிடாமல், உங்கள் பிள்ளையின் வகுப்பிலும் அதற்கு மேலும் எது நடக்கிறது என்று பாருங்கள்.

இவற்றின் பெரிய பலம் நான் சொன்ன அந்த இரண்டாவது வாசல். சிபிஎஸ்இ வகுப்பு ஏப்ரலில் தொடங்குவதால் ஊரில் மார்ச்சில் தேர்வு முடிந்த பிள்ளை ஒரு மாதம்கூட இழக்காமல் சேரலாம். திரும்பும்போதும் அப்படித்தான். புத்தகங்கள் அதே என்சிஇஆர்டி. நீட், ஜேஇஇ என்று மனதில் இருந்தால் இந்தப் புத்தகங்களிலிருந்து விலகிப் போகாமல் இருப்பது பெரிய நிம்மதி. மகள் முதல் நாள் வகுப்பிலிருந்து வந்து, "அம்மா, அதே சயின்ஸ் புக்" என்றாள். புது ஊரில் அவளுக்குத் தெரிந்த ஒரே பொருள் அந்தப் புத்தகம்தான். பத்து வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு தெம்பு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

குறையும் உண்டு. சிங்கப்பூரில் இருந்துகொண்டே சிங்கப்பூரைத் தொடாமல் வளரும் ஆபத்து இருக்கிறது. வகுப்பில், வேனில், கீழே விளையாடும் இடத்தில் எல்லாம் நம் ஊர்ப் பிள்ளைகள்தான். ஒரு சீன நண்பரோ மலாய் நண்பரோ இல்லாமல் மூன்று ஆண்டு ஓடிவிடும். நாங்கள் மகளைச் சமூக மன்றத்தில் பூப்பந்துக்குச் சேர்த்தது அதற்காகத்தான். இன்னொன்று, பெற்றோர் வேலை மாறுவதால் ஆண்டுதோறும் வகுப்பில் பாதி முகங்கள் மாறும். உயிர்த் தோழி ஒருத்தி ஜூன் மாதம் பெங்களூருக்குப் போய்விட்டாள். மகள் இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கை. சிபிஎஸ்இயில் ஒன்பதாம் வகுப்பிலும் பதினொன்றாம் வகுப்பிலும் வாரியத்தில் பதிவு நடக்கும். சமச்சீரில் ஒன்பது முடித்துவிட்டு நேராகப் பத்தாம் வகுப்பில் வந்து சேர்வது பெரும்பாலும் நடக்காது. எட்டு முடித்து ஒன்பதில் சேருங்கள், இல்லாவிட்டால் பத்தாம் வகுப்பை ஊரிலேயே முடித்துவிட்டுப் பதினொன்றுக்கு வாருங்கள்.

ஐபி, பிரிட்டிஷ், அமெரிக்கன்

இந்தப் பள்ளிகள் பெரும்பாலும் ஆகஸ்ட்டில் தொடங்கும். ஊரில் மார்ச்சில் முடித்த பிள்ளைக்கு நான்கைந்து மாத இடைவெளி வரும், அல்லது ஒரு வகுப்பின் கடைசிப் பருவத்தில் போய் உட்கார வேண்டிவரும்.

யாருக்கு இது சரி என்றால், இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நாடு மாறும் வேலையில் இருப்பவர்களுக்கு. இன்று சிங்கப்பூர், நாளை துபாய், மறுநாள் ஆம்ஸ்டர்டாம் என்றால் எல்லா ஊரிலும் கிடைக்கும் ஒரே தொடர்ச்சி ஐபியோ பிரிட்டிஷ் திட்டமோதான். ஐபி டிப்ளமோ இந்தியாவிலும் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமாக ஏற்கப்படுகிறது. ஆறு பாடம், பாடத்துக்கு 7 மதிப்பெண், கட்டுரைக்கும் அறிவுக் கோட்பாட்டுக்கும் சேர்த்து 3, மொத்தம் 45. நாலாயிரம் சொல் ஆய்வுக் கட்டுரை ஒன்று எழுத வேண்டும். எழுதப் பிடித்த, கேள்வி கேட்கப் பிடித்த பிள்ளைக்கு அருமையான படிப்பு. என் அக்கா மகள் அதில் படித்துத் தன்னம்பிக்கையோடு வளர்ந்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் வீட்டில் டாக்டர் கனவு இருந்தால் உட்கார்ந்து பாருங்கள். நீட் எழுத இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். ஐபியின் ஆறு பாட அமைப்பில் இரண்டு அறிவியல் எளிதாகப் பொருந்தும். மூன்றாவது வேண்டுமென்றால் பள்ளி வழியாகத் தனி அனுமதி வாங்க வேண்டும். இதைப் பதினொன்றாம் வகுப்பு தொடங்கும் முன்பே கேட்டாக வேண்டும். தொடங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை. பொறியியலுக்கு இந்தத் தொல்லை இல்லை. எந்தப் பள்ளியில் படித்தாலும் தமிழ்நாட்டு ஒதுக்கீட்டில் சேர, ஊரில் தொடர்ச்சியாகப் படிக்காத பிள்ளைக்கு நேட்டிவிட்டி சர்டிபிகேட் தேவைப்படும். தாசில்தார் அலுவலகக் காகிதங்களைக் கிளம்பும் முன்பே ஒழுங்கு செய்துவைப்பது உத்தமம்.

எஸ்ஜேஐ இன்டர்நேஷனல், ஏசிஎஸ் இன்டர்நேஷனல், ஹுவா சோங் இன்டர்நேஷனல் என்று உள்ளூர்ப் பாரம்பரியத்தில் வந்த பன்னாட்டுப் பள்ளிகளும் உண்டு. சிங்கப்பூர்ச் சூழல், ஐபி படிப்பு இரண்டும் வேண்டும் என்பவர்கள் அங்கே விசாரிக்கலாம். நிறுவனம் கட்டணம் கட்டாவிட்டால், சேமிப்பை உடைத்து இந்தப் பள்ளிகளில் சேர்ப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். வேலை போனால் அட்டையும் போகும், பள்ளியும் போகும். அப்போது பிள்ளை நடுவகுப்பில் நிற்கும்.

எங்களிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளைக்கு ஏழு வயதுக்குள் என்றால் லோக்கலுக்குப் படிவம் போடுங்கள், கிடைக்காவிட்டால் சிபிஎஸ்இ. எட்டு, ஒன்பது வயதில், இங்கேயே தங்கும் எண்ணம் உறுதியாக இருந்தால் ஏஇஐஎஸ் எழுதலாம். பத்து வயதுக்கு மேல், ஊர் திரும்பும் வாய்ப்பு பாதிக்குப் பாதி இருந்தாலும் சிபிஎஸ்இ. பதினான்கு, பதினைந்து வயதில் பள்ளி மாற்றத்தைப் பற்றியே இரண்டு முறை யோசியுங்கள். தாத்தா பாட்டியிடம் ஓர் ஆண்டு விட்டுப் பத்தாம் வகுப்பை முடித்துவிட்டு அழைத்துவருவது சில வீடுகளில் நல்ல முடிவாக இருந்திருக்கிறது.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது நீச்சல் குளத்தையும் அரங்கத்தையும் சுற்றிக்காட்டுவார்கள். நாங்கள் போன ஒரு பள்ளியில் அரை மணி நேரம் குளத்தைத்தான் பார்த்தோம். உங்கள் பிள்ளை சேரப்போகும் வகுப்பில் ஒரு மாணவரின் கணக்கு நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஆசிரியர் எப்படித் திருத்தியிருக்கிறார், வெறும் டிக் மட்டுமா, இரண்டு வார்த்தை எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். மகளின் பள்ளியை நான் தேர்ந்தெடுத்தது அந்த நோட்டைப் பார்த்துத்தான். ஒரு தப்பான விடைக்குப் பக்கத்தில் பச்சை மையில், "இரண்டாவது வரிவரை சரி, அங்கிருந்து மறுபடி போடு" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

பணம் கட்டும் முன் மாணவர் ஒப்பந்தத்தைப் படியுங்கள். பல தனியார் பள்ளிகளின் ஒப்பந்தத்தில், கையெழுத்திட்ட பிறகு மனம் மாற ஏழு வேலை நாள் அவகாசம் இருக்கும். பணம் திரும்பத் தரும் அட்டவணையும் அதிலேயே இருக்கும். விண்ணப்பக் கட்டணம் மட்டும் எங்கேயும் திரும்பாது. ஆகவே ஐந்து பள்ளிகளுக்கு ஒரே நேரத்தில் விண்ணப்பிக்காமல், இடம் இருக்கிறதா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதில் வந்த இரண்டு பள்ளிக்கு மட்டும் போடுங்கள். மாற்றுச் சான்றிதழ், கடைசி இரண்டு ஆண்டு மதிப்பெண் அட்டை, பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை நான்கையும் கைப்பையில் கொண்டுவாருங்கள், கப்பலில் வரும் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். சின்னப் பிள்ளைகளின் தடுப்பூசி விவரத்தைச் சார்ந்திருப்போர் அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதே கேட்பார்கள். எங்கள் மகனுடைய தடுப்பூசி அட்டை கசங்கிப்போய் ஒரு தேதி தெரியவில்லை. அதற்காக மயிலாப்பூர் டாக்டரிடம் என் தம்பி மூன்று முறை அலைந்தான்.

எங்கள் வீட்டில் அடுத்த முடிவு, மகள் எட்டாம் வகுப்பு முடிக்கும் மார்ச் மாதம். ஒன்பதில் எங்கே பதிவாகிறாளோ அங்கேயே பத்தையும் முடிப்பதுதான் எளிது என்பதால், ஊருக்கா இங்கேயா என்பதை அதற்குள் பேசிவிட வேண்டும். அப்போது மகன் தொடக்கநிலை நான்கில் இருப்பான். போனால் அவன் தமிழ்ப் புத்தகங்களையும் எடுத்துக்கொண்டுதான் போவோம் என்று மகள் இப்போதே சொல்லிவைத்திருக்கிறாள்.